சராசரி ஊரில் மாப்பிள்ளை விசாரணை

டொரன்டோவுக்குப் போகிறவர்கள் அருவி பார்க்கப் போவார்கள், அல்லது பேரப்பிள்ளைக்குக் காவல் இருக்கப் போவார்கள். நான் மாப்பிள்ளை விசாரிக்கப் போனேன். அதுவும் என் வீட்டு மாப்பிள்ளை இல்லை. சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, திருச்சியில் என் வீட்டு மாடியில் குடியிருந்து, பிறகு கனடா போய்ச் சேர்ந்த சிவநேசனின் ஒரே மகள் ஆரணிக்கு. ஆரணி தானே ஒருவரைப் பார்த்துக்கொண்டாள். சிவா என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "அண்ணை, நீங்கள் புள்ளிவிவரக் கந்தோரிலை இருந்த ஆள். ஒருக்கா வந்து பாத்துச் சொல்லுங்கோ. ரிக்கற் நான் போடுறன்."

மாப்பிள்ளை பார்ப்பதற்கும் புள்ளிவிவரத் துறைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். டிக்கெட் போடுகிறேன் என்று ஒருவர் சொன்ன பிறகு குறுக்குக் கேள்வி கேட்பது மரியாதை இல்லை. பெட்டியில் குரங்குக் குல்லாயை எடுத்து வைத்தேன்.

சிவாவின் வீடு டொரன்டோவின் ஓரத்தில், மில்லிக்கனில் இருக்கிறது. தெருவெல்லாம் ஒரே மாதிரி வீடுகள். தெரு முடிந்தால் ஒரு பிளாசா. அங்கே புடவைக் கடை, வக்கீல், பல் டாக்டர், ரோல்ஸ் கடை, எல்லாவற்றுக்கும் தமிழில் பெயர்ப்பலகை. இவ்வளவும் கூப்பிடு தூரத்தில் வைத்துக்கொண்டு, ஒரு கட்டு கறிவேப்பிலை வாங்கவும் சிவா வேனை எடுக்கிறார். அடுத்த ஊரான யூனியன்வில் போய்வந்தால் தூரப் பயணம் என்று சோபாவில் சாய்ந்துவிடுகிறார். அரை மணி நேரத் தொலைவில் இருக்கும் பிக்கரிங்கில் வீடு வாங்கிப் போன நண்பரைப் பற்றி, நாட்டை விட்டே போனவரைப் பற்றிப் பேசுகிற குரலில் பேசுகிறார். ஈழத்திலிருந்து திருச்சிக்கும் திருச்சியிலிருந்து கனடாவுக்கும் கடல் தாண்டிய மனிதர் இவர் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

நான் குளித்து வருவதற்குள் சாப்பாட்டு மேசையில் புட்டும் நண்டுக் கறியும் ஒரு கட்டுக் காகிதமும் தயாராக இருந்தன. புட்டு வைத்தது சிவாவின் மனைவி ராஜி. காகிதம் வைத்தது சிவா. நண்டுக் கறியைத் தொட்ட விரலால் காகிதத்தைத் தொட வேண்டாம் என்று சிவா சொன்னபோதுதான் விஷயம் பெரிது என்று புரிந்தது.

மாப்பிள்ளையின் பெயர் மயூரன். டொரன்டோவுக்கு மேற்கே, சோள வயல்களுக்கு நடுவில் ஒரு கல்லூரி ஊர் இருக்கிறதாம். அங்கே மண்ணைப் பற்றிப் பாடம் நடத்துகிறார். கல்யாணமானால் ஆரணியும் அங்கேதான் போய்க் குடியிருக்க வேண்டும். பெண் கொடுப்பதற்கு முன் ஊரில் நாலு பேரிடம் விசாரிப்பது இவர்கள் வழக்கம். நம் வழக்கமும்தான். யாழ்ப்பாணத்தில் மயூரனின் சொந்தக் கிராமத்தில் தொலைபேசி வழியாக ஏற்கெனவே விசாரித்தாகிவிட்டது. நல்ல குடும்பம், சின்ன வயதில் மாமரத்திலிருந்து விழுந்தவன் என்று அறிக்கை வந்தது. அதற்குப் பிறகு அந்தக் கிராமம் அவரைப் பார்க்கவில்லை. வளர்ந்த மயூரனைப் பற்றிச் சொல்ல வேண்டியது அந்தச் சோளக்காட்டு ஊர். அங்கே சிவாவுக்கு ஒரு குருவியையும் தெரியாது.

அதனால் சிவா இணையத்தில் தேடி, அந்த ஊர் இருக்கிற கவுன்டியின் புள்ளிவிவரத்தை முழுக்க அச்செடுத்து வைத்திருந்தார். கவுன்டி என்பது நம் தாலுகாவுக்கும் மாவட்டத்துக்கும் நடுவில் ஏதோ ஒன்று. மாப்பிள்ளையின் சாதகம் கிடைக்காதபோது மாப்பிள்ளை ஊரின் சாதகத்தைப் பார்க்கலாம் என்ற யோசனை உலகத்தில் வேறு எவருக்கும் வந்திருக்காது. மஞ்சள் மையால் கோடெல்லாம் போட்டிருந்தார்.

"உதைப் பாருங்கோ அண்ணை. உந்த ஊரிலை கலியாணம் கட்டாத ஆக்கள்தான் கூட. வருமானமும் குறைவு. கனபேர் வாடகை வீடு. போன வருசம் இருந்த வீட்டிலை இந்த வருசம் இல்லை."

"ஓடி ஒளிச்சுத் திரியிற ஆக்கள்போலை கிடக்கு" என்றார் ராஜி, எனக்கு இன்னும் ஒரு கரண்டி நண்டுக் கறி ஊற்றிக்கொண்டே.

நான் கண்ணீரைத் துடைத்தேன். அது கறித்தூளால் வந்தது. "சிவா, அது காலேஜ் ஊரு. படிக்கிற பசங்களையும் சேர்த்து எண்ணியிருக்காங்க. இருபது வயசுப் பையன் கல்யாணம் பண்ணாம, சம்பாதிக்காம, வருஷா வருஷம் ரூம் மாத்துறது ஒரு அதிசயமா? அந்தப் பக்கம் எழுபது வயசு விவசாயி. ரெண்டு பேரையும் கூட்டி வகுத்தா ஒரு சராசரி ஆள் வருவான். அவன் அந்த ஊர்லயே இருக்க மாட்டான்."

"அப்ப மயூரன் உதிலை எது? மாணவனோ, விவசாயியோ?"

"ரெண்டும் இல்லை."

"பாத்தீங்களோ! கணக்கிலையே வராத ஆள்" என்று சிவா ராஜியைப் பார்த்தார். ராஜி தலையில் கை வைத்தார். உதவிக்கு வந்த நான் மாப்பிள்ளைக்கு முதல் குறையைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டேன்.

நிலைமையைச் சரிசெய்யக் காகிதங்களைப் புரட்டினேன். தாய்மொழி என்ற பகுதியில், எல்லா மொழிகளுக்கும் கீழே, தமிழுக்கும் ஒரு வரிசை இருந்தது. அதற்கு நேரே ஐந்து என்று போட்டிருந்தது.

சிவா எழுந்தே விட்டார். "அஞ்சு தமிழ் ஆக்கள் இருக்கினம்! ஒண்டு மயூரன். மற்ற நாலு பேரையும் பிடிச்சு விசாரிச்சால் அலுவல் முடிஞ்சுது."

எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. வாழ்நாள் முழுக்கக் கணக்கெடுப்பு நடத்தியவனுக்கு நாலே பேரைப் பார்த்தால் போதும் என்கிற வேலை கிடைப்பது பெரிய பாக்கியம். போகலாம் என்றேன். ஆரணிக்குத் தெரியக் கூடாது என்று சிவா என்னிடம் சத்தியம் வாங்கினார். அவளிடம் சொல்ல ஒரு காரணமும் வைத்திருந்தார். ஆப்பிள் பறிக்கப் போகிறோம். இலையுதிர் காலத்தில் இந்த ஊர்க்காரர்கள் காசு கொடுத்து அடுத்தவன் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறார்கள். அதற்கு ஆப்பிள் பறிப்பது என்று பெயர்.

அடுத்த நாள் ஆரணி விடுப்பு எடுத்துக்கொண்டு எனக்கு ஊர் காட்டக் கூட்டிப் போனாள். நான் கேட்டுக்கொண்டதால் பஸ்ஸில் போனோம். நடுவழியில் டிரைவர் வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய், காபி வாங்கி, ஒரு வாய் குடித்துப் பார்த்து, மெதுவாகத் திரும்பி வந்தார். பஸ் நிறைய ஆள். ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. திருச்சியில் என்றால் இந்நேரம் டிரைவரின் மூன்று தலைமுறை சந்திக்கு வந்திருக்கும். எனக்குப் பின்னால் இருந்த ஒரு கிழவர் மட்டும் பக்கத்தில் இருந்தவரிடம், "இன்றைக்கு வெயில் நன்றாக இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். இந்த ஊரில் கோபத்தை அப்படித்தான் காட்டுவார்கள் என்று ஆரணி விளக்கினாள்.

பிளாசாவில் கொத்துரொட்டி சாப்பிடும்போது கேட்டாள். "நாளைக்கு எங்கை போறீங்கள் அங்கிள்?"

"ஆப்பிள் பறிக்க."

"நைஸ். அப்பா அப்பிளே சாப்பிடமாட்டார். பல்லுக் கூசும்." அவள் முள்கரண்டியால் ரொட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள். பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "அப்பா வேண்டாமெண்டாலும் நான் மயூரனைத்தான் கட்டுவன் அங்கிள். பட் ஐ வான்ட் ஹிம் தேர். அப்பா மூஞ்சையைத் தூக்கி வைச்சுக்கொண்டு கலியாண ஹோலிலை ஒரு மூலையிலை இருந்தால் நான் என்னெண்டு சிரிச்சுக்கொண்டு நிக்கிறது?"

செய்த சத்தியத்தைக் காப்பாற்றுவதற்காகத் தண்ணீரைக் குடித்தேன்.

மறுநாள் காலையில் வேன் புறப்பட்டது. நாங்கள் மூன்று பேர். பாலைவனத்தைக் கடப்பவர்கள்போல ராஜி மட்டன் ரோல்ஸும், மீன் கட்லட்டும், இரண்டு பிளாஸ்க் டீயும் கட்டியிருந்தார். நகரம் முடிந்ததும் சோளம் வந்தது. சோளம் முடிந்ததும் ஒரு மாட்டுக் கொட்டகை வந்தது. பிறகு மறுபடியும் சோளம். ஒரு அறுவடை இயந்திரம் சாலையை முழுக்க அடைத்துக்கொண்டு முன்னால் ஊர்ந்தது. அதன் பின்னால் நாங்களும் ஊர்ந்தோம். ஹாரன் அடிக்கச் சொன்னேன். கனடாவில் அடிக்கிறதில்லை என்றார் சிவா. பின்னால் இருந்து ராஜி, "இஞ்சை என்ரை பிள்ளை ஆரோடை கதைக்கும்?" என்று கேட்டார். எவரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. சோளம் பதில் சொல்லவில்லை.

ஊர் அழகாக இருந்தது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு பெரிய தெரு, செங்கல் கட்டடங்கள், ஒரு மணிக்கூண்டு. நான் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டிருந்த அந்தக் குளிரில் அரைக்கால் சட்டையோடு மாணவர்கள் கும்பல் கும்பலாகக் காபி குடித்துக்கொண்டு போனார்கள். நடுநடுவே டிரக்கிலிருந்து ஒரு பெரியவர் இறங்கினார். காகிதத்தில் இருந்த சராசரி ஆளை எங்கும் காணவில்லை.

மீதி நாலு தமிழரைக் கண்டுபிடிக்கும் முறை என்னுடையது. பச்சை மிளகாய் எங்கே விற்கிறதோ அங்கே தமிழன் வந்து போவான். ஒரு சின்ன மளிகைக் கடையில் நுழைந்தோம். கல்லாவில் நரைத்த கூந்தலும் கம்பளிச் சட்டையுமாக ஓர் அம்மாள். தமிழர்கள் என்றால் யார் என்று சிவா ஆங்கிலத்தில் விளக்கினார். அவள் முகம் மலர்ந்தது. "ஓ, மயூரன்! அவருக்காகத்தான் வாரா வாரம் பச்சை மிளகாய் வரவழைக்கிறோம்."

"மற்ற நாலு பேர்?"

"எந்த நாலு பேர்?"

வந்ததே வந்தோம் என்று சிவா இந்த அம்மாளிடமே விசாரணையைத் தொடங்கிவிட்டார். மயூரன் குடிப்பாரா, வீட்டுக்கு யார் யார் வந்து போகிறார்கள், கடன் கிடன் உண்டா. "கோவக்காரனோ எண்டும் கேளுங்கோ" என்று ராஜி பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார். திருச்சியில் இந்தக் கேள்விகளுக்கு இஸ்திரி போடுகிறவர் சட்டையை மடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவார், கேட்காததையும் சேர்த்து. இந்த அம்மாள் கைகளைக் கட்டிக்கொண்டாள். முகத்தில் இருந்த மலர்ச்சியை உள்ளே எடுத்து வைத்துவிட்டாள். "நீங்கள் யார்?"

சிவாவுக்கு ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதில்தான் வந்தது. "நாங்கள் ஆப்பிள் பறிக்க வந்தோம்."

"ஆப்பிள் இங்கே இல்லை" என்றாள் அவள்.

பெட்ரோல் போடும் இடத்தில் கேட்டோம். நல்ல மனிதர் என்று சொல்லிவிட்டு எங்கள் பெயரைக் கேட்டார்கள். நூலகத்தில் கேட்டோம். நல்ல மனிதர், உங்கள் பெயர் என்ன என்றார்கள். வெளியே வந்தபோது ஒருவர் எங்கள் வேனின் நம்பரைத் தன் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். வேன் பிடித்திருக்கிறதுபோல என்றார் சிவா.

கடைசியில் மயூரனின் வீட்டையே போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. விலாசம் சிவாவிடம் இருந்தது. சரளைக் கல் பாதையின் முடிவில் ஒரு பழைய வீடு. கீழே வீட்டுக்காரி, மேலே மயூரன். வாசலில் அந்த வீட்டுக்காரி ஒரு கையில் போனும் மறுகையில் நாயுமாக நின்றாள். எழுபது வயது இருக்கும். வேன் கண்ணாடியை இறக்கியதும் கேட்டாள். "கடன் வசூலா? இல்லை போலீஸா? போலீஸ் என்றால் அட்டையைக் காட்டு." நாய் அதையே தன் மொழியில் கேட்டது.

சிவா பதறிப்போய் வேனைப் பின்னால் எடுத்தார். பின்னால் ஒரு பள்ளம் இருந்தது. வேன் அண்ணாந்து வானத்தைப் பார்த்தது. மீன் கட்லட் முழுவதும் என் மடியில் விழுந்தது.

அப்போதுதான் ஒரு கார் வேகமாக வந்து நின்றது. சேறு படிந்த பூட்ஸோடு ஒல்லியான ஒருவர் இறங்கி வந்து, சாய்ந்து நின்ற வேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"வணக்கம் அங்கிள், வணக்கம் அன்ரி. அப்பிள் தோட்டம் மற்றப் பக்கம்."

"ஆரணி சொன்னவ, நீங்கள் இண்டைக்கு வருவியள் எண்டு" என்றார் மயூரன். "வகுப்பு முடிய வந்து பாப்பமெண்டுதான் இருந்தனான். கடையிலையிருந்து போன். பெற்றோல் செற்றிலையிருந்து போன். லைப்ரரியிலையிருந்து போன். மார்கரெட் ரெண்டு தரம் எடுத்திட்டா. வெள்ளி வான், மூண்டு பேர், ஒருத்தர் முகத்தை மூடித் தொப்பி போட்டிருக்கிறார் எண்டு ஊர் முழுக்கச் செய்தி. பாதியிலை விட்டிட்டு ஓடி வந்தனான்."

நான் குல்லாயைக் கழற்றினேன். மார்கரெட் என்பது அந்த வீட்டுக்காரி. அவளுடைய மகன் டிராக்டரோடு வந்து வேனை மேலே இழுத்துப் போட்டார்.

மாடியில் மயூரன் எங்களுக்குச் சோறும் பருப்பும் முட்டைப் பொரியலும் செய்தார். ஜன்னல் ஓரமெல்லாம் கண்ணாடிப் போத்தல்களில் மண். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். ராஜி சமையலறையில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தார். கறித்தூள் இருந்த டப்பாவை மோந்து பார்த்து, கொஞ்சம் ஆறுதலோடு மூடினார். சிவா விடவில்லை. மற்ற நாலு பேர் எங்கே என்று கேட்டார்.

மயூரன் சிரித்தார். "அங்கிள், நானும் அந்தக் கணக்கைப் பாத்தனான். வந்த முதல் குளிர்காலம் முழுக்க அந்த நாலு பேரையும் தேடித் திரிஞ்சனான். ஒவ்வொரு கடையா. ஆராவது கறுப்பா ஒருத்தரைக் கண்டால் பின்னாலை போய்த் தமிழோ எண்டு கேப்பன். ஒருத்தரும் இல்லை. நான் மட்டுந்தான்."

நான் சிவாவின் காகிதக் கட்டை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். எறும்பு எழுத்தில் ஒரு அடிக்குறிப்பு இருந்தது. எவரையும் தனியாக அடையாளம் காணக்கூடாது என்பதற்காக எண்களை ஐந்தின் மடங்காக ஏற்றியோ இறக்கியோ போடுவார்களாம். ஒருவர் இருந்தால் சைபர் என்றும் வரலாம், ஐந்து என்றும் வரலாம். சம்பளம் வாங்கிக்கொண்டு அடிக்குறிப்பு எழுதியவன் நான். மற்றவர்கள் படிப்பதில்லையே என்று வருத்தப்பட்டவனும் நான்தான். இங்கே வந்து நாலு பொய்த் தமிழரைத் தேட ஊரையே கிலி பிடிக்க வைத்திருக்கிறேன். விஷயத்தைச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

சிவா தட்டைத் தள்ளி வைத்தார். "தம்பி, நான் உம்மிலை குறை பிடிக்க வரேல்லை. குறை எல்லாரிட்டையும் இருக்கு. மில்லிக்கனிலை நான் ரெண்டு தரம் இருமினால் பக்கத்து வீட்டிலையிருந்து கொத்தமல்லித் தண்ணி வரும். இஞ்சை என்ரை பிள்ளைக்கு ஒண்டெண்டால் ஆர் வருவினம்? எனக்குப் பயமாக் கிடக்கு. அவ்வளவுதான்."

அந்த வார்த்தையைச் சொல்லத்தான் இவ்வளவு காகிதமும் இவ்வளவு பெட்ரோலும் தேவைப்பட்டிருக்கிறது. எனக்கு அவர்மேல் அந்த நிமிஷம் மிகவும் பிரியமாக இருந்தது.

"தெரியாது அங்கிள்" என்றார் மயூரன். "தனியா இருக்கிறது கஷ்டம்தான். அதை நான் இல்லையெண்டு சொல்லமாட்டன்."

அப்போது கதவு தட்டப்பட்டது. தட்டியவள் திறக்கும்வரை காத்திருக்கவில்லை. மார்கரெட் உள்ளே வந்தாள். இடுப்பில் ஒரு கூடை ஆப்பிள். அது சாக்கு என்று பார்த்தவுடனே தெரிந்தது. எங்கள் மூவரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, எங்களுக்கும் கேட்கும்படியாக மயூரனிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். "இவர்கள் உன்னைத் தொந்தரவு செய்கிறார்களா? ஒரு வார்த்தை சொல். என் மகன் இன்னும் கீழேதான் நிற்கிறான்."

"இவர்கள் ஆரணியின் அப்பா, அம்மா" என்றார் மயூரன்.

மார்கரெட் கூடையைக் கீழே வைத்தாள். பிறகு சிவாவைப் பார்த்து, "அப்படியென்றால் அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்றாள். "இவன் காய்ச்சலில் கிடந்தபோது நான் வைத்த சூப்பை உப்பில்லை என்று குடிக்கவே இல்லை. அந்தக் குறையை நான் உங்களுக்குச் சும்மாவே சொல்லியிருப்பேன்."

ராஜி எழுந்து பிளாஸ்க்கைத் திறந்து அவளுக்கு டீ ஊற்றினார். தட்டில் கடைசியாக மிஞ்சியிருந்த மட்டன் ரோல்ஸை வைத்தார். மார்கரெட் ஒரு கடி கடித்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. கறித்தூளால்தான். ஆனால் முழுவதையும் தின்று முடித்தாள்.

மாலையில் திரும்பினோம். ஆப்பிள் கூடை ராஜியின் மடியில் இருந்தது. ஆரணிக்குச் சொன்ன பொய்யை மார்கரெட் உண்மையாக்கிக் கொடுத்துவிட்டாள். சோளம் மறுபடியும் வந்தபோது சிவா சொன்னார்.

"ஒருத்தரும் அவனைப்பற்றி வாய் திறக்கேல்லை, பாத்தீங்களோ அண்ணை."

"ஆமா சிவா. போன காரியம் சுத்தமா நடக்கலை."

"எங்கடை சனமெண்டால் ஒரு கோப்பை ரீக்கு எல்லாம் சொல்லியிருக்கும்" என்றார்.

நகரத்தின் வெளிச்சம் தெரிய ஆரம்பித்து, வாகன நெரிசலில் வேன் நின்றபோது, சிவா இடது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து முகத்துக்கு முன்னால் விரித்தார். "உந்தக் கணக்குப் பிழையில்லை அண்ணை. கொஞ்சம் முந்திப் போட்டிட்டாங்கள், அவ்வளவுதான்." சுண்டுவிரலை மடக்கினார். "மயூரன்." அடுத்த விரல். "ஆரணி." அடுத்த இரண்டையும் சேர்த்து மடக்கினார். "வேலை விட்டாப் பிறகு நானும் ராஜியும் மில்லிக்கனிலை இருந்து என்ன செய்யிறது?"

பிக்கரிங்கையே வெளிநாடுபோலப் பேசிய மனிதர். பின் இருக்கையில் ஆப்பிளைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்த ராஜியின் கை நின்றது.

"நாலுதானே ஆச்சு" என்றார் ராஜி.

சிவா மிச்சமிருந்த விரலைத் தொட்டில்போல மெதுவாக ஆட்டிக் காட்டினார். முன்னால் வழி திறந்திருந்தது. பின்னால் நின்ற காரில் இருந்தவன், கனடாவில் அடிக்கிறதில்லை என்று சொன்ன அந்த ஹாரனை, ஒரு தரம் அடித்தான். சிவா சிரித்துக்கொண்டே வேனை எடுத்தார், பெருவிரலை மட்டும் மடக்காமல்.